இல்லாத தெருவில் ஒரு தாயைத் தேடுதல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் ஆண்டு விழாவில் சங்க இலக்கியம் பற்றியோ சிற்றிலக்கியம் பற்றியோ பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் வேறு. பிறந்தவுடன் பிரிக்கப்பட்டு, வேறொரு வீட்டில், பல வேளைகளில் வேறொரு நாட்டில் வளர்ந்த ஒருவர், தம்மைப் பெற்ற தாயைத் தேடி வருகிறார். அவர் கையில் இருப்பது ஒரு தெருவின் பெயர் மட்டுமே. வந்து பார்த்தால் அந்தத் தெரு இல்லை. சாலை அகலப்படுத்துவதற்காகவோ புதிய கட்டடத்திற்காகவோ அது இடிக்கப்பட்டுவிட்டது. அங்கே குடியிருந்தவர்கள் சிதறிப் போய்விட்டார்கள். இந்நிலையில் அவர் என்ன செய்ய இயலும்? அவருக்கு நாம் என்ன செய்ய இயலும்? இவையே இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்பும் வினாக்கள். இவை சமூகநலத் துறைக்கு மட்டும் உரியவை என்று நான் கருதவில்லை. தமிழ் படித்தவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

இலக்கியம் காட்டும் இரு பிள்ளைகள்

பெற்ற தாயால் விடப்பட்ட குழந்தையின் கதை நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். வாரணாசியிலிருந்து குமரியாட வந்த சாலி என்னும் பார்ப்பனப் பெண், வழியில் ஈன்ற குழந்தையை ஒரு தோட்டத்தில் விட்டுச் செல்கிறாள். ஒரு பசு ஏழு நாள் அக்குழந்தைக்குப் பாலூட்டுகிறது. இளம்பூதி என்னும் அந்தணன் அதனை எடுத்து வளர்க்கிறான். வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவை ஆபுத்திரன் விடுவித்தபோது ஊர் அந்தணர் சினங்கொள்கின்றனர். அப்போதுதான் அவர்களுள் ஒருவன், குமரி வழியில் சாலியைக் கண்டதையும் அவள் தன் கதையைத் தன்னிடம் சொன்னதையும் கூறி, இவன் பிறப்பு இன்னது என்று அவையறிய உரைக்கிறான்.

இங்கே இரண்டு செய்திகளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஒன்று, தாயைப் பற்றிய தகவல் எந்த ஏட்டிலும் இல்லை; வழியில் அவளோடு பேசிய ஒருவனின் நினைவில் இருக்கிறது. இரண்டு, அந்தத் தகவல் ஆபுத்திரனுக்கு உதவுவதற்காகச் சொல்லப்படவில்லை. அவனை இழிவுபடுத்துவதற்காகச் சொல்லப்பட்டது. அதன் விளைவாக வளர்த்த தந்தையே அவனை வீட்டைவிட்டு விலக்கினான். ஆகவே ஒருவரின் பிறப்பு பற்றிய செய்தியை யார், யாரிடம், எந்த நோக்கத்தோடு சொல்கிறார்கள் என்பது அச்செய்தியைப் போலவே இன்றியமையாதது.

மற்றொருவன் கர்ணன். வில்லிபுத்தூரார் பாரதத்தில் வரும் ஒரு செய்தி தமிழ் மரபில் நன்கு அறியப்பட்டது. நானே உன்னைப் பெற்றவள் என்று சொல்லிக்கொண்டு பல பெண்கள் கர்ணனிடம் வந்தார்கள். தெய்வத்தன்மை வாய்ந்த ஓர் ஆடை அவர்களைச் சுட்டது. குந்தியை மட்டும் சுடவில்லை. தாய் என்று சொல்பவர் எல்லாரும் தாயல்லர், சான்று வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கதையில் இருக்கிறது. இதற்கும் இன்றைய தேடலுக்கும் உள்ள தொடர்பைப் பின்னர்க் காண்போம்.

நம் மண்ணின் கதை

இந்தப் பொருளை நான் ஓசூரில் பேசுவதற்குக் காரணம் உண்டு. பெண்சிசுக் கொலையைத் தடுக்கும் நோக்கத்தோடு 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. 2001இல் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் கிருஷ்ணகிரியும் ஓசூரும் அடங்கியிருந்தன; 2004இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. எனவே இத்திட்டம் நம் மண்ணோடு நேரடித் தொடர்பு கொண்டது. தொடக்க ஆண்டுகளில் தொட்டிலில் கிடந்த குழந்தைகளுக்கு இன்று முப்பது வயது கடந்துவிட்டது. அவர்களில் பலர் தாங்களே தாய்மார்களாக ஆகியிருப்பார்கள். என்னைப் பெற்றவள் எப்படி இருந்தாள் என்ற வினா, தன் குழந்தையை மடியில் ஏந்தும் நாளில் எழுவது இயல்பு. மருத்துவர் குடும்பத்தின் நோய் வரலாற்றைக் கேட்கும்போதும் அவ்வினா எழும்.

ஆனால் தேடி வருபவர் எல்லாருடைய நிலையும் ஒன்றன்று. தொட்டிலில் பெயர் சொல்லாது விடப்பட்ட குழந்தைக்குத் தாயின் பெயர் எந்தப் பதிவிலும் இராது. நாளும் இடமும் மட்டுமே எஞ்சும். முறைப்படி ஒப்படைக்கப்பட்ட குழந்தைக்கு ஒப்படைப்புப் பத்திரம் இருக்கும். அதில் பெயரும் முகவரியும் இருக்கும். மூன்றாவது வகையினர் திருடப்பட்ட குழந்தைகள். 2005இல் சென்னையில் வெளிவந்த வழக்கை நீங்கள் அறிவீர்கள். ஏழைக் குடியிருப்புகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள், தாயே விரும்பிக் கொடுத்ததாகப் பொய்ப் பத்திரம் எழுதப்பட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்ட கொடுமை அது. அந்த வழக்கில் தேடியது பிள்ளையன்று, தாய்மார்கள் தேடினார்கள். இம்மூன்று வகையினரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுதல் கூடாது.

சட்டத்தின் நிலையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நடந்த முறைகேடுகள் குறித்து வழக்குரைஞர் லட்சுமி காந்த் பாண்டே எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1984இல் நீதிபதி பகவதி தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு விரிவான நெறிமுறைகளை வகுத்தது. 1990இல் மத்தியத் தத்தெடுப்பு ஆதார அமைப்பாகிய காரா தோன்றியது. 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, இயன்றவரை தன் பெற்றோரை அறியும் உரிமையைக் குழந்தைக்கு அளிக்கிறது. 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் உறுதிசெய்தது. குழந்தையின் தோற்றம் பற்றிய தகவல்களைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, குழந்தையை ஒப்படைத்த பெற்றோருக்கு மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் வேர் தேடலுக்கு இடமளிக்கின்றன. ஆனால் அந்த உரிமை பெற்றோரின் அந்தரங்க உரிமையை மீறலாகாது என்றும், மூன்றாம் நபர் வேர் தேடலில் ஈடுபடலாகாது என்றும் அவை கூறுகின்றன. ஒப்படைக்கும்போது தம் பெயரை வெளியிட வேண்டா என்று தாய் கேட்டிருந்தால், அவள் ஒப்புதலின்றி அதனை வெளியிடுவதற்கில்லை. தாய் மறுத்தாலும், கண்டுபிடிக்க இயலாமற் போனாலும், எந்தச் சூழ்நிலையில் ஒப்படைக்கப்பட்டார் என்பதையாவது பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.

பிற நாடுகள் வெவ்வேறு வழிகளில் இச்சிக்கலை அணுகியுள்ளன. இங்கிலாந்தும் வேல்சும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால், வயது வந்த தத்துப்பிள்ளைகள் தம் மூலப் பிறப்புப் பதிவைப் பெற வழிசெய்தன. அயர்லாந்து 2022இல் அதற்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. ஆனால் பதிவு கிடைத்த பின்னரும், பதிவில் இருக்கும் தெரு மண்ணில் இருக்க வேண்டுமே!

தெரு இருந்தபோது நடந்தது

தெரு நிலைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு சரூ பிரையர்லியின் வரலாறு. மத்தியப் பிரதேசத்துக் கண்டுவா நகரைச் சேர்ந்த அவர், 1986இல் ஐந்து வயதுச் சிறுவனாக இருந்தபோது தொடர்வண்டியில் உறங்கிப்போய்க் கொல்கத்தாவைச் சென்றடைந்தார். 1987இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த தம்பதியர் அவரைத் தத்தெடுத்தனர். தாம் பிறந்த இடத்தின் பெயரை அவர் 'கினெஸ்ட்லே' என்றே நினைவில் வைத்திருந்தார். கணேஷ் தலாய் என்னும் குடியிருப்பின் பெயர் ஒரு குழந்தையின் நாவில் அவ்வாறு திரிந்திருந்தது. செயற்கைக்கோள் படங்களில் ஆண்டுக்கணக்காகத் தேடி ஊரைக் கண்டறிந்து, 2012இல் அங்கே சென்றார். பழைய வீட்டில் எவருமில்லை. ஆனால் அக்கம்பக்கத்தார் இருந்தார்கள். அவர் சொன்ன பெயர்களைக் கேட்டு அறிந்துகொண்டார்கள். அவர்களுள் ஒருவர்தான் அருகிலேயே வேறு வீட்டில் வாழ்ந்த தாயிடம் அவரை அழைத்துச் சென்றார். மகன் என்றேனும் திரும்பி வருவான் என்ற நம்பிக்கையில் அந்தத் தாய் அப்பகுதியை விட்டுத் தொலைவில் போகாமலே இருந்திருக்கிறார்.

இந்த வரலாறு 'லயன்' என்ற பெயரில் 2016இல் திரைப்படமாயிற்று. உலகம் செயற்கைக்கோளையே வியந்து பேசியது. என் கருத்து வேறு. வானத்துக் கருவி அவரை ஊர்வரைதான் கொண்டுவந்தது. தாயின் வாசல்வரை கொண்டுசேர்த்தது அண்டை வீட்டார் நினைவு. கணேஷ் தலாயை இடித்துவிட்டு அங்கே கடைவளாகம் கட்டியிருந்தால், அந்தக் கடைசிச் சில அடித் தொலைவை எந்தக் கருவி கடத்தியிருக்கும்?

தெரு இடிந்தபின்

சென்னையில் கூவம் கரையிலும் பிற இடங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு தொடங்கிக் கண்ணகி நகருக்கும், பின்னர்ச் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்திற்கும் குடியமர்த்தப்பட்டன. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு தெருவார் கூட்டமாகவே ஒரே இடத்திற்குச் செல்வதால், தேடுபவருக்கு ஒரு திசை கிடைக்கிறது. ஆனால் குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கப்படும்போது, சுவரோடு சுவராக வாழ்ந்தவர்கள் வெவ்வேறு அடுக்ககங்களுக்குப் பிரிந்துவிடுகிறார்கள். தெருவின் ஆட்கள் இருப்பார்கள். தெருவின் வரிசை கலைந்திருக்கும்.

நம் ஓசூரின் நிலை இதனினும் சிக்கலானது. எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியதிலிருந்து, நாற்றிசையிலிருந்தும் இங்கே மக்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் லைன் வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள். வீட்டு உரிமையாளருக்குப் பட்டா உண்டு. இடிக்கும்போது இழப்பீடும் உண்டு. ஆதலால் அவர் பெயர் அரசு ஏட்டில் நிற்கும். வாடகைக்கு இருந்த பெண்ணின் பெயர் எங்கே நிற்கும்? தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்த இல்லத்தை நினைவில்லமாகப் போற்றுகிறோம்; அது தகும். ஆனால் ஆலைக்குக் கூலி வேலைக்கு வந்து ஓராண்டு தங்கிச் சென்ற பெண்ணின் வாடகை அறைக்குச் சுவடே இல்லை.

எல்லைப்புறத்தில் மொழிச்சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஒரே தெருவைத் தமிழர் ஏரித்தெரு என்பர். கன்னடர் கெரெ பீதி என்பர். தெலுங்கர் செருவு வீதி என்பர். வெளிநாட்டுக் கோப்பில் இம்மூன்றில் எது, எந்த எழுத்துக்கூட்டலில் ஏறியிருக்கும் என்று யாரறிவார்? மக்கட்பெயரும் அவ்வாறே. இலட்சுமி என்பவள் லட்சுமம்மா ஆவாள், லச்சம்மாவும் ஆவாள். தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுகின்றனர். தெலுங்கர் வீட்டுப் பெயரையும், கன்னடர் பலர் ஊர்ப் பெயரையும் முதலெழுத்தாகக் கொள்கின்றனர். ஒரே எழுத்து மூன்று வீடுகளுக்கு மூன்று பொருள் தரும். இவற்றோடு ஆவணங்கள் இருக்கும் இடமும் வேறுபடும். 1965வரை இப்பகுதி சேலம் மாவட்டம். 1965 முதல் 2004வரை தருமபுரி மாவட்டம். அதன்பின் கிருஷ்ணகிரி மாவட்டம். பிரசவத்திற்குப் பெங்களூர் மருத்துவமனைக்குச் சென்றிருந்தால் பிறப்புப் பதிவு கர்நாடகத்தில் இருக்கும். கோப்பில் 'தருமபுரி' என்று கண்டு தருமபுரி நகரில் அலைபவருக்கு, அவர் தேட வேண்டிய ஊர் ஓசூர் என்பதை எடுத்துச்சொல்லவும் ஆள் வேண்டும்.

சுவடி தேடும் முறை

இங்கேதான் தமிழ் படித்தவர்களின் பங்கு வருகிறது. இடிந்த தெருவின் நினைவைத் திரட்டுதல், மறைந்த நூலின் சுவடிகளைத் திரட்டுவது போன்றது. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்று ஏடு தேடியவர். சில இடங்களில் ஏடுகளை ஆற்றில் விட்டுவிட்டோம் என்று சொல்லக் கேட்டு மனம் வருந்தியவர். அவ்வாறு தேடித் திரட்டித்தான் 1887இல் சீவகசிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். ஆபுத்திரன் கதை செம்மையான பதிப்பாக நமக்குக் கிடைத்ததும் அத்தேடலினால்தான்.

மூலபாட ஆய்வு நமக்குக் கற்பிக்கும் நெறிகள் மூன்று. முதலாவது, பிரதிகளின் எண்ணிக்கை சான்றாகாது. ஒரே மூலத்தைப் பார்த்தெழுதிய ஐந்து ஏடுகள் ஒரே சான்றுதான். அதுபோல, ஒருத்தி சொன்னதைக் கேட்டு ஐந்து அண்டை வீட்டார் சொன்னால், அது ஒருத்தியின் சொல்லே. ஆகவே ஒவ்வொருவரிடமும், நீங்களே கண்டீர்களா, பிறர் சொல்லக் கேட்டீர்களா என்று கேட்டறிய வேண்டும். இரண்டாவது, எளிதாகப் பொருந்தும் பாடத்தை ஐயுற வேண்டும். தேடி வந்தவரின் கண்ணீரைக் கண்டு, அவர் கேட்க விரும்பும் விடையைச் சொல்லிவிடும் இரக்கம் நம் மக்களுக்கு உண்டு. அது நல்லெண்ணத்தால் நேரும் இடைச்செருகல். மூன்றாவது, பாடபேதங்களை அழித்துவிடாமல் எழுதி வைக்க வேண்டும். ஒருவர் மூன்றாவது வீடு என்கிறார், மற்றொருவர் நான்காவது வீடு என்கிறார் எனில், இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். வீதியின் எந்த முனையிலிருந்து எண்ணினார்கள் என்று பின்னர்த் தெரியவரும்போது இரண்டும் ஒன்றாகிவிடலாம்.

நடைமுறையில் எங்கே தொடங்குவது? பழைய வாக்காளர் பட்டியல் தெருவாரியாக, கதவிலக்க வரிசையில் அமைந்தது. இடிந்த தெருவைத் தாளின்மேல் மீண்டும் எழுப்ப அது உதவும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அத்தெருப் பிள்ளைகளின் பெயர்கள் இருக்கும். அவர்களில் சிலராவது இன்றும் இவ்வூரில் இருப்பார்கள். நியாயவிலைக் கடைக்காரர், மளிகைக்கடைக் கடன் நோட்டு, கோயில் விழா நன்கொடைப் புத்தகம், தையற்காரர், சலவைத் தொழிலாளி, வீட்டுப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி என்று நினைவின் காவலர்கள் பலர். பெண்களின் நினைவுக்குத் தனி மதிப்பு உண்டு. தண்ணீர்க் குழாயடியில் நின்றவர்களுக்குத்தான் யார் கருவுற்றிருந்தாள், யார் திடீரென்று ஊருக்குப் போனாள் என்பது தெரியும்.

நம் மக்கள் ஆண்டைச் சொல்லமாட்டார்கள், நிகழ்ச்சியைச் சொல்வார்கள். எம்.ஜி.ஆர். இறந்தபோது என்பார்கள், அது 1987 டிசம்பர். காவிரிக் கலவரத்தில் பெங்களூரிலிருந்து தமிழர்கள் ஓடி வந்தபோது என்பார்கள். அது 1991 டிசம்பர். நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தியபோது என்பார்கள். அது 2000 ஜூலை. சந்திரசூடேசுவரர் தேருக்கு முன்னா பின்னா என்று கேட்டால் மாதமும் நெருங்கிவரும். நிகழ்ச்சியைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் இம்முறை, இலக்கிய வரலாறு படித்த எவருக்கும் பழக்கமானதே.

சுடும் ஆடையும் சுடாத ஆடையும்

இனிக் கர்ணனின் ஆடைக்கு வருகிறேன். இலங்கையிலிருந்து அறுபதுகள் முதல் எண்பதுகள் வரையிலான காலத்தில் சுமார் 11,000 குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். குழந்தைப் பண்ணைகள் பற்றிய செய்திகள் வெளிவந்தபின், 1987இல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. வளர்ந்து பெரியவர்களாகி அவர்கள் தேடி வந்தபோது ஒரு கொடுமை வெளிப்பட்டது. பலருடைய பத்திரங்களில் தாய் என்று கையொப்பமிட்டிருந்தவள் தாயே அல்லள். பணம் கொடுத்து நீதிமன்றத்தில் தாயாக நிறுத்தப்பட்ட பெண். ஆண்டுக்கணக்காகத் தேடி, தெருவைக் கண்டு, வீட்டைக் கண்டு, அழுது கட்டித்தழுவிய பின்னர், மரபணுச் சோதனை இவள் உன் தாயல்லள் என்று சொல்லியிருக்கிறது. 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று இதனை அம்பலப்படுத்தியது. 2021இல் நெதர்லாந்து அரசு அமைத்த விசாரணைக்குழு கடுமையான அறிக்கை அளித்தது. அதன்மேல் அந்நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தி வைத்தது.

ஆகவே தெருவாரின் நினைவு எவ்வளவு உறுதியானதாகத் தோன்றினாலும், மரபணுச் சோதனைக்குமுன் உறவை அறிவித்தல் கூடாது. இன்றைய நிலையில் கர்ணனின் ஆடை அதுவே. அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில், சிறைப்பட்டவர்களின் குழந்தைகள் பிறர் கையில் ஒப்படைக்கப்பட்டார்கள். அக்குழந்தைகளின் பாட்டிமார் 1977இல் ஒன்றுகூடித் தேடத் தொடங்கினர். பெற்றோர் கொல்லப்பட்டிருந்ததால், பாட்டியின் குருதியைக் கொண்டே பேரப்பிள்ளையை அறியும் அறிவியல் முறை உருவாயிற்று. 1987இல் தேசிய மரபணுத் தகவல் வங்கி அமைக்கப்பட்டது. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகளின் அடையாளம் கண்டறியப்பட்டுள்ளது. சாட்சிகளின் நினைவும் அறிவியலும் ஒன்றற்கொன்று துணையாக நின்றதே அவ்வெற்றிக்குக் காரணம்.

தாயின் பக்கம்

இதுவரை தேடுபவரின் பக்கமே பேசினேன். தேடப்படுபவளின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். முப்பதாண்டுகளுக்கு முன் பதினெட்டு வயதில் ஒரு குழந்தையை ஈன்று ஒப்படைத்த பெண்ணுக்கு இன்று ஐம்பது வயது நெருங்கியிருக்கும். அவள் மணமாகி வேறு ஊரில், வேறு பிள்ளைகளோடு வாழ்ந்துகொண்டிருக்கலாம். அவள் கணவர் இதனை அறியாதிருக்கலாம். தேடல் என்ற பெயரில் பழைய தெருவார் பத்துப்பேரிடம் போய், இன்னாள் பெற்ற பிள்ளை வந்திருக்கிறது என்று சொன்னால், அந்தப் பெண்ணின் வாழ்வு என்னாகும்? ஆபுத்திரன் பிறப்பை அவையில் உரைத்தவன் செய்த தீங்கை நாம் அவளுக்குச் செய்தவர்களாவோம். குழந்தையை விட்டவள் கல்நெஞ்சக்காரி என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். வறுமையும், வரதட்சணை அச்சமும், பெண்பிள்ளை பெற்றதற்காக மாமியார் வீட்டில் கேட்ட வசையும், ஏமாற்றிச் சென்ற ஆண்மகனின் மௌனமும் அந்தத் தொட்டிலில் சேர்ந்தே கிடந்தன. தந்தையைத் தேடி யாரும் வருவதில்லை. பழியும் அவனைத் தேடிப் போவதில்லை. இதனையும் இந்த அவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிள்ளையின் உரிமையும் தாயின் மானமும் மோதும் இந்த இடத்தில் வழி உண்டா? உண்டு என்றே நான் கருதுகிறேன். மூன்றாம் நபர் தேடலாகாது என்ற விதியை நாம் மதிக்க வேண்டும். ஆகவே தாயைத் தேடும் பணியை நாம் மேற்கொள்ளல் ஆகாது. அது காராவுக்கும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும், தத்தெடுப்பு நிறுவனத்திற்கும் உரியது. அவர்களும் பழைய தெருவாரிடம் தாயைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. தெருவைப் பற்றிக் கேட்டால் போதும். அத்தெருவில் யார் யார் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்று பொதுவாகக் கேட்டறிந்தபின், உரிய பெண்ணை அனுபவமிக்க பெண் அலுவலர் ஒருவர் தனியாகச் சந்தித்து, செய்தியை அவளிடம் மட்டுமே சொல்ல வேண்டும். பார்க்க விரும்புகிறேன் என்றோ, நலமாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள் என்றோ, இப்போது வேண்டா என்றோ அவளே விடை சொல்லட்டும். மறுப்பும் ஒரு விடைதான். அவள் உயிரோடு இருக்கிறாள், இன்ன சூழ்நிலையில் உன்னைப் பிரிந்தாள் என்று அறிவதே சிலருக்குப் பேராறுதலாக அமையும்.

நாம் செய்யக்கூடியது

அப்படியானால் இலக்கிய வட்டத்திற்கு இதில் என்ன பணி? தெருவின் நினைவைத் தொகுப்பதே நம் பணி. ஓசூர் 2019இல் மாநகராட்சியாயிற்று. பாலங்களும் சாலைகளும் வளாகங்களும் வளர்ந்துகொண்டே போகின்றன. வளர்ச்சியை நான் குறை கூறவில்லை. ஆனால் ஒரு தெரு மறைவதற்குமுன் அதன் பெயர் என்ன, மூன்று நான்கு மொழிகளில் அதனை எப்படி அழைத்தார்கள், எந்தத் தொழில் செய்தவர்கள் இருந்தார்கள், கிணறும் குழாயும் கோயிலும் பள்ளிவாசலும் எங்கே இருந்தன, இடிக்கப்பட்டபின் குடும்பங்கள் எத்திசையில் சென்றன என்பவற்றை எழுதி வைக்க வேண்டும். தெருவுக்கு ஒரு நினைவேடு என்று இதற்குப் பெயரிடலாம்.

அதில் யாருடைய அந்தரங்கமும் இடம்பெறலாகாது. யார் யாருக்குப் பிறந்தார் என்ற ஊர்ப்பேச்சு ஒருவரிகூட வரலாகாது. தெருவின் வரைபடமும், பெயர்களின் திரிபும், மக்கள் சென்ற திசையும் இருந்தால் போதும். சட்டப்படி தேடி வரும் அலுவலருக்கு அது கைவிளக்காகும். வேறு எவரும் தேடி வராவிட்டாலும், நம் ஊரின் சமூக வரலாறாக அது நிற்கும். என் மாணவியரிடம் அவரவர் பாட்டி வாழ்ந்த தெருவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வாருங்கள் என்று சொன்னபோது, இன்று வழக்கொழிந்த தெருப்பெயர்கள் பல அந்தக் கட்டுரைகளில் வந்தன. அவற்றைச் சொன்ன மூதாட்டியருக்கு எண்பது வயது. இன்னும் எத்தனை ஆண்டு நாம் காத்திருக்க முடியும்?

சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் அவர்கள் பாட்டின் ஒரு தொடரைக் கொண்டே அவர்களை அழைக்கிறோம். பெயர் மறைந்த பின்னும் ஒரு தொடர் எஞ்சியதால், அவர்கள் நமக்கு உரியவர்களாக இருக்கிறார்கள். பெயர் அறியாத தாயைத் தேடி வரும் பிள்ளைக்கும் அவ்வாறு ஏதேனும் ஒன்று எஞ்சியிருக்க வேண்டும். உன் தாய் வாழ்ந்த தெருவில் ஒரு புளியமரம் இருந்தது, வைகறையில் பெண்கள் தண்ணீருக்கு நின்றார்கள், ஆலைச் சங்கு ஊதியதும் தெருவே புறப்படும் என்று சொல்ல நம்மிடம் ஓர் ஏடாவது இருக்கட்டும்.

பதினோராம் ஆண்டில் இவ்வட்டம் இப்பணியைத் தொடங்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒரு தெரு, ஒரு மாதம் என்ற அளவில் தொடங்கினாலும் ஆண்டுக்குப் பன்னிரண்டு தெருக்கள் ஆகும். என் மாணவியரையும் என்னையும் அப்பணிக்கு இப்போதே ஒப்படைக்கிறேன்.